புதன்கிழமை பொரித்த ரொட்டி

"இருபத்தெட்டு மணி நேரம், இருபது நிமிஷம்" என்றாள் எதிரே உட்கார்ந்திருந்த பெண்.

உல்மெகென் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மதியம் ஒன்று இருபது. அப்படியானால் போன் காணாமல் போனது நேற்று, செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு. போனைத் தொலைத்தவர்கள் "நேத்து காலைல" என்றுதான் சொல்வார்கள். நிமிடக் கணக்கு வைத்திருக்கிறவர்கள் போனை மட்டும் தொலைத்திருக்க மாட்டார்கள் என்று அவளுக்குப் பட்டது.

"பேரு?"

"மர்சியா. ஊரு ஜெஸ்கஸ்கான். பள்ளிக்கூடத்துல சமையல் பண்றேன்."

வயது ஐம்பத்திரண்டு. தாமிரச் சுரங்கத்தை நம்பிப் பிழைக்கும் ஊர் அது. சுற்றிலும் எத்தனை நாள் நடந்தாலும் தண்ணீர் இருக்காது. லீவு போட்டு ஊரை விட்டுக் கிளம்பியது அவளுக்கு இதுவே முதல்முறை. நாத்தனார் ஐமனைக் கூட்டிக்கொண்டு ரயிலேறி, ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடற்கரை ஊரான அக்தாவில் இறங்கி, அன்றைக்குத்தான் கடலைப் பார்த்திருக்கிறாள்.

"பார்த்ததும் என்னக்கா தோணுச்சு?" என்றான் கொப்லான், ஜன்னலோரமாக நின்றுகொண்டு.

"இதுல எத்தனை அண்டா கழுவலாம்னு தோணுச்சு."

கொப்லான் சிரித்துவிட்டான். அவன் டாக்சி ஓட்டுகிறவன். சவாரி இல்லாத நேரத்தில் உல்மெகெனுக்கு உதவியாளன். சவாரி இருக்கும் நேரத்திலும் பெரும்பாலும் அதுதான். உல்மெகென் பத்தொன்பது வருடம் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் பரிசோதனைக் கூடத்தில் இருந்தவள். தண்ணீரில் என்ன கலந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது துப்பறிகிறவளாக, பேச்சில் என்ன கலந்திருக்கிறது என்று பார்க்கிறாள். பதினோரு மாடிக் குடியிருப்பின் தரைத்தளத்தில் அலுவலகம். அதே கட்டடத்தின் உச்சியில் ஊரின் கலங்கரை விளக்கம். "கப்பலுக்கு மேல் மாடி, மனுஷனுக்குக் கீழ் மாடி" என்று வருகிறவர்களிடமெல்லாம் கொப்லான் சொல்லுவான்.

"போன்ல முக்கியமா எதுவும் இருந்துச்சா?" என்றாள் உல்மெகென்.

மர்சியா கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். சூடு பட்டுப் பட்டுத் தடித்த விரல்கள்.

"சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டுக்காரருக்குப் பேசணும். பேசறதுன்னா, நான் பேசக்கூடாது. போனைத் தண்ணிகிட்ட பிடிக்கணும். அவரு அலைச் சத்தம் கேப்பாரு. அஞ்சு நிமிஷம். அப்புறம், 'சரி, வை'ம்பாரு. அவரும் கடலைப் பார்த்ததில்ல. லீவு கிடைக்கல. நீயாவது போன்னு தள்ளிவிட்டாரு."

"பேரு?"

"ஜுமாத்தாய். சுரங்கத்துல கீழ வேலை. ஞாயிறு பிடிச்சேன், திங்கள் பிடிச்சேன். நேத்து ஆறு மணிக்குச் சும்மா கையை நீட்டிக்கிட்டு நின்னேன்."

"வேற போன்லேருந்து பேசலாமே?"

"நேத்து ஐஸ்கிரீம் விக்கிற பொண்ணோட போன்லேருந்து வீட்டுக்கு அடிச்சேன். லைன் சரியில்ல."

உல்மெகென் தன் போனை மேஜையில் அவள் பக்கமாக நகர்த்தினாள். "இப்போ பேசுங்க."

மர்சியா அதைத் தொடவில்லை. அடுப்பில் கிடக்கும் பாத்திரத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"முதல்ல என் போனைக் கண்டுபிடி தங்கச்சி. யாரு எடுத்தா, ஏன் எடுத்தான்னு சொல்லு. மத்தது அப்புறம்."

தங்கியிருக்கும் முகவரியை மூன்று எண்களாகச் சொன்னாள்: வட்டாரம், கட்டடம், வீடு.

"உங்க ஊர்ல தெருவுக்கெல்லாம் பேரே வைக்க மாட்டீங்களா? வீடு கண்டுபிடிக்கக் கணக்கு வாத்தியாரைக் கூட்டிட்டு வரணும் போல."

"பேரு வெச்சா சண்டை வரும்க்கா. ஒவ்வொரு வம்சமும் எங்க தாத்தா பேரைத்தான் வைக்கணும்னு நிக்கும். எண்ணுக்குத் தாத்தா கிடையாது" என்றான் கொப்லான்.

மர்சியா அவர்களோடு வரவில்லை. பாறைப் பக்கம் இருப்பதாகச் சொல்லிவிட்டுக் கடலை நோக்கி நடந்தாள்.

*

வீடு ஐந்தாவது மாடியில். கதவைத் திறந்தவள் ஐமன், ஜுமாத்தாயின் தங்கை. முப்பத்தைந்து வயதிருக்கும். வெயிலில் மூக்கு உரிந்திருந்தது. கண்ணும் சிவந்திருந்தது. அதற்கும் வெயில்தான் காரணம் என்று கேட்காமலே சொன்னாள்.

பின்னாலேயே வீட்டுக்காரி துர்சின் வந்து சேர்ந்தாள். எதிர் வீட்டில் இருப்பவள். இந்த வீட்டைக் கோடையில் விருந்தாளிகளுக்கு விடுகிறாள். குளியலறைச் சுவரில் "மூணு நிமிஷத்துக்கு மேல் வெந்நீர் விடக்கூடாது" என்று எழுதி ஒட்டி, பக்கத்திலேயே ஒரு மணல் கடிகாரமும் வைத்திருந்தாள்.

"திருட்டெல்லாம் இல்லம்மா" என்றாள் துர்சின். "கடல் காக்கா. நம்ம ஊரு வெள்ளைக் காக்காதான். பால்கனி மேஜையில போன் இருந்துச்சு. மினுக்குனு தெரிஞ்சிருக்கு. வந்து தூக்கிட்டுப் போயிருச்சு."

"நீங்க பார்த்தீங்களா?"

"இவ பார்த்தா."

ஐமன் தலையாட்டினாள். ஒருமுறை ஆட்டியிருந்தால் போதும். நான்குமுறை ஆட்டினாள்.

உல்மெகென் பால்கனிக்குப் போனாள். கீழே கடற்கரை கலகலவென்று இருந்தது. குடைகள், பாட்டு, சோளம் விற்பவளின் கூவல், தண்ணீரைப் பார்த்ததும் ஓட மறந்து நிற்கும் வெளியூர்ப் பிள்ளைகள். மேஜையில் நேற்றைய தட்டு இன்னும் கிடந்தது. அதில் பாதி தின்ற புகைபோட்ட மீன், காய்ந்து வளைந்த ரொட்டி, பக்கத்தில் ஒரு ஜோடித் தங்கத் தோடு.

"தட்டு நேத்து காலையிலேருந்து இங்கதான் இருக்கா?"

"எடுத்து வைக்கத் தோணல" என்றாள் ஐமன்.

கொப்லான் தட்டையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தான். "மீனு வேணாம், ரொட்டி வேணாம், தங்கமும் வேணாம். போன் மட்டும் போதும்னு போயிருக்கு. ரொம்பப் படிச்ச காக்கா. யாருக்கோ அவசரமா பேச வேண்டியிருந்துச்சு போல."

"சும்மா இரு."

"சார்ஜரை விட்டுட்டுப் போயிருக்கேக்கா. நாளைக்குத் திரும்பி வரும்."

சார்ஜர் சுவரிலேயே மாட்டியிருந்தது. உல்மெகென் அதைப் பார்த்தபடி நின்றாள். விற்க நினைக்கிறவன் சார்ஜரையும் எடுப்பான். பயன்படுத்த நினைக்கிறவனும் எடுப்பான். அந்த போன் பேசாமல் கிடந்தால் போதும் என்று நினைக்கிற ஒருவர்தான் சார்ஜரை விட்டுவைப்பார்.

கடலை முதல்முறையாகப் பார்க்கிறவளிடம்தான் இந்தக் காக்கா கதை எடுபடும். அந்தத் தைரியத்தில் சொன்ன பொய். ஆனால் மர்சியா இதை நம்பியிருந்தால் உல்மெகெனிடம் வந்திருக்க மாட்டாள்.

அவள் திரும்பும்போது ஐமனின் சட்டைக் கை கண்ணில் பட்டது. வலது கை மட்டும். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை வெள்ளையாக, உலர்ந்த மாவு.

"சமையலா?"

"இல்லையே. நாங்க வெளியிலதான் சாப்பிடறோம்."

எதிர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. காய்ந்த எண்ணெயின் வாசனை அங்கிருந்து வந்தது. உல்மெகென் யாரையும் கேட்காமல் அந்தப் பக்கம் நடந்தாள்.

*

துர்சினின் சமையலறையில் வாணலி இன்னும் சூடாக இருந்தது. மேஜையில் துணி போட்டு மூடிய தட்டு. கொப்லானுக்கு மூடியிருப்பதைத் திறந்து பார்க்கும் நல்ல பழக்கம் உண்டு. அதைத் தொழில் என்று சொல்லிக்கொள்வான். துணியைத் தூக்கினான். மெல்லிய, வட்டமான, எண்ணெயில் பொரித்த ரொட்டிகள். ஒன்றை எடுத்து மடித்து வாயில் போட்டுக்கொண்டான்.

வெந்நீருக்கு மணல் கடிகாரம் வைத்தவள் இப்போது ஒரு வார்த்தை திட்டவில்லை. "சாப்பிடுப்பா, இன்னும் எடுத்துக்க" என்றாள். அவன் மெல்லும்போதே துர்சினின் உதடுகள் ஏதோ பிரார்த்தனையாக அசைந்தன. இரண்டு கைகளையும் முகத்தில் மெதுவாகத் தடவி இறக்கினாள்.

உல்மெகென் தட்டில் எஞ்சியதை எண்ணினாள். ஆறு.

ஆறும் ஒன்றும் ஏழு, இறந்தவர்களுக்காகப் பொரிக்கிற கணக்கு. வெள்ளிக்கிழமைகளில் எல்லா வீட்டிலும் பொரிப்பார்கள், போனவர்களுக்கு எண்ணெய் வாசனை எட்டட்டும் என்று. இன்றைக்குப் புதன்கிழமை.

"யாருக்கு?" என்றாள்.

 கொப்லான் மெல்லுவதை நிறுத்தினான். அவனுக்கும் புரிந்துவிட்டது. வாயில் இருப்பதை விழுங்கவும் முடியாமல், துப்பவும் முடியாமல் நின்றான்.

உல்மெகென் மூலையிலிருந்த மாவுப் பீப்பாயின் மூடியைத் திறந்து, கையை முழங்கைவரை விட்டாள். அடியில் பிளாஸ்டிக் உறை தட்டுப்பட்டது. உள்ளே போன், சத்தம் அணைக்கப்பட்டு. உயிர் நான்கு சதவீதம் மிச்சம். பூட்டைத் திறக்கத் தேவை இருக்கவில்லை. திரை முழுக்கச் செய்திகள் வரிசையாக நின்றன. எல்லாவற்றிலும் துக்கம் கேட்கும் ஒரே வாக்கியம்: மண் அவருக்குப் பட்டாக இருக்கட்டும்.

தவறிய அழைப்புகள் அறுபத்து நான்கு. உல்மெகென் விரலால் தள்ளிக்கொண்டே போனாள். சித்தி, பக்கத்து வீடு, பள்ளிக்கூடம், சம்பந்தி. நேற்று மாலை ஆறு மணிக்கும் அழைப்புகள் இருந்தன. அலைச் சத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியவர் மட்டும் அழைக்கவில்லை.

சார்ஜ் தீர்ந்து திரை அணைந்தது.

ஐமன் வாசலில் நின்றிருந்தாள். "எங்கண்ணன்..." என்றாள். 

"எப்போ?"

"நேத்து விடியக்காலை. நெஞ்சுவலியாம். தூக்கத்துலயே. எட்டரை மணிக்கு எனக்குப் போன் வந்துச்சு. அண்ணி குளிச்சிட்டிருந்தாங்க. அவங்க போன் மேஜையில ஆடிக்கிட்டே இருக்கு. நான் என்ன பண்ணுவேன்?"

"சொல்லியிருக்கலாம்."

"நானா?" ஐமன் அவளை விசித்திரமாகப் பார்த்தாள். "நான் சின்னவக்கா. அவங்ககூட நான் மட்டும்தான் இருக்கேன். இதையெல்லாம் பெரியவங்க நாலு பேரோட வந்து, உக்காரவெச்சு, பதமா சொல்லணும். பெரியண்ணன் கல்முராத் பெய்நெவ்லேருந்து வர்றாரு. ஒட்டகத்தோட மேய்ச்சல்ல இருந்தாரு, நேத்து ராத்திரிதான் சேதி போய்ச் சேர்ந்துச்சு. இன்னைக்கு நாலு மணி ரயில்ல வந்துடுவாரு. அவரு வாயால வரட்டும்."

"அடக்கம்?"

"நாளைக்கு மத்தியானம்."

"நேத்து சாயங்காலம் உங்க ஊருக்கு ரயில் இருந்துச்சே. அடுத்தது நாளைக்குத்தானே."

 ஐமனுக்கு அது அப்போதுதான் உறைத்ததா, நேற்று ரயில் கிளம்பிய நேரத்திலேயே உறைத்துவிட்டதா என்று உல்மெகெனுக்குத் தெரியவில்லை.

"ரயில்ல ஏத்திவிட்டு, நடுவழியில யாராவது போட்டு உடைச்சிருந்தா?" என்றாள் துர்சின். "ஆளில்லாத வெட்டவெளியில அந்தப் பொம்பளை கத்தியிருந்தா யாரு தாங்குவா? நம்ம முறை அது இல்லம்மா. உனக்குத் தெரியாததா?"

தெரியும். கடலுக்குள் எண்ணெய்த் தளத்தில் வேலை பார்த்த தம்பியிடம் அம்மா இறந்ததை நான்கு நாள் அவளும்தான் சொல்லாமல் வைத்திருந்தாள். "அம்மா தூங்கறாங்க" என்று தினமும் சொன்னாள். தம்பி இன்றுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் மன்னித்துவிட்டானா என்பதும் அவளுக்குத் தெரியாது.

கொப்லான் எப்போது வெளியே போனான் என்று யாரும் கவனிக்கவில்லை. போனைக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தான்.

"ஸ்டேஷன்ல கேட்டேன். தண்டவாளத்துல மணல் ஏறி ரயில் பாதி வழியில நிக்குதாம். ஒன்பதரை ஆகும்ங்கிறான். அங்க சிக்னலே இல்லையாம், கல்முராத்துகிட்டப் பேசவும் முடியாது." போனைப் பையில் போட்டான். "ஏழு மணிக்குத் தலைநகருக்கு விமானம் இருக்கு. அங்கேருந்து விடியக்காலை உங்க ஊருக்குச் சின்ன விமானம். ரெண்டும் கிடைச்சா மத்தியானத்துக்குள்ள போயிடலாம்."

"இடம் இருக்கா?"

"நேர்ல வந்து பாருங்கங்கிறான். ஒண்ணோ ரெண்டோ இருக்கலாமாம். காத்து அடிச்சா அதுவும் கிளம்பாதாம்."

ஒரு நகைச்சுவையும் இல்லாமல் அவன் இத்தனை நேரம் பேசி உல்மெகென் கேட்டதில்லை.

மணி மூன்றே முக்கால். விமான நிலையத்துக்கு அரை மணி நேரம். ஒன்பதரைக்கு வரப்போகிற பெரியவரால் ஏழு மணி விமானத்துக்கு எந்த உதவியும் இல்லை. வேறு பெரியவர் இந்த ஊரில் மர்சியாவுக்குக் கிடையாது.

உல்மெகென் கைகழுவும் தொட்டியில் மாவைக் கழுவினாள். உலர்ந்த துணியால் போனைத் துடைத்தாள். நன்றாகத் துடைத்தபிறகும் துடைத்தாள்.

"அக்கா, சொல்லிடாதீங்க" என்று ஐமன் அவள் கையைப் பிடித்தாள். "அவங்களுக்கு ரத்தக்கொதிப்பு இருக்கு. என் அண்ணன் பொண்டாட்டி. எனக்கு அம்மா மாதிரி."

"அதனாலதான்" என்றாள் உல்மெகென். எதனால் என்று அவளாலும் முடிக்க முடியவில்லை.

மூன்றாவது மாடிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தபோது மேலேயிருந்து ஐமனின் குரல் வந்தது.

"நான் அண்ணியோட பையைக் கட்டி வைக்கிறேன்."

*

மர்சியா பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்தாள். செருப்பைக் கழற்றி, அலை எட்டாத இடத்தில் ஜோடியாக வைத்திருந்தாள். சற்றுத் தள்ளி ஒரு குடும்பம் தர்பூசணி அறுத்துக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியில் கல்யாணப் பாட்டு. எங்கோ ஒரு குழந்தை கடலைப் பார்த்து, "நிறுத்து, நிறுத்து" என்று அலையை அதட்டிக்கொண்டிருந்தது.

கொப்லான் மேலே சாலையிலேயே காரோடு நின்றுவிட்டான். என்ஜினை அணைக்கவில்லை.

உல்மெகென் பக்கத்தில் உட்கார்ந்து, போனைப் பாறையில் வைத்தாள். இடுக்கில் இன்னும் மாவு இருந்தது. மர்சியா அதை விரலால் எடுத்துப் பார்த்தாள்.

"மைதா" என்றாள். "காக்கா மைதா கூட வெச்சிருக்கா?"

"துர்சின் வீட்டுப் பீப்பாயில இருந்துச்சு."

"யாரு வெச்சா?"

"உங்க நாத்தனார்."

"ஏன்?"

உல்மெகென் தண்ணீரைப் பார்த்தாள். அதில் எத்தனை உப்பு, எத்தனை சுண்ணாம்பு என்று அவளால் சொல்ல முடியும். பத்தொன்பது வருடம் சொல்லியிருக்கிறாள். கேட்கப்பட்ட இந்த ஒன்றுக்கு வாய் திறக்கவில்லை. தான் இவளுக்கு என்ன உறவு? வயதிலும் சின்னவள். கூட நாலு பேர் இல்லை, பிடித்துக்கொள்ள ஒரு கை இல்லை, குடிக்கக் கொடுக்க ஒரு வாய்த் தண்ணீர்கூட எடுத்து வரவில்லை. ஒரு கடல் தண்ணீர் முன்னால் கிடக்கிறது, ஒரு சொட்டுக் குடிக்க முடியாது.

"நேத்து ஐஸ்கிரீம் பொண்ணு போன்லேருந்து அடிச்சேன்னு சொன்னேன் இல்ல" என்றாள் மர்சியா. "லைன் நல்லாத்தான் இருந்துச்சு. என் வீட்டு போனைப் பக்கத்து வீட்டுக்காரி எடுத்தா. காலைல பதினோரு மணிக்கு என் வீட்டுல அவளுக்கு என்ன வேலை? யாருன்னு கேட்டா. நான்தான்னேன். 'கண்ணு, அப்புறம் பேசு'ன்னா. பத்து வருஷமா என்கூட வேலிச் சண்டை போடறவ அவ. கண்ணுங்கிறா."

மர்சியா விரலிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டாள்.

"பின்னாடி கப்புச் சத்தம் கேட்டுச்சு. தேநீர்க் கிண்ணம் ஒண்ணோடொண்ணு இடிக்கிற சத்தம். நான் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவ தங்கச்சி. சத்தத்தை வெச்சு எத்தனை பேருன்னு சொல்லிடுவேன். முப்பது, நாப்பது கிண்ணம் இருக்கும். என் வீட்டுல பன்னெண்டுதான் இருக்கு. மத்தது யார் வீட்டுலேருந்தோ வந்திருக்கு."

அலை ஒன்று செருப்புவரை வந்து, தொடாமல் திரும்பியது.

"ஐமனைக் கேட்டிருக்கலாமே" என்றாள் உல்மெகென்.

"கேட்டா அவ பொய் சொல்லணும். மூஞ்சியைப் பார்த்து என்கிட்டப் பொய் சொன்னான்னு அவளுக்கு ஆயுசுக்கும் இருக்கும். பாவம், ராத்திரி பூரா குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுவுறா. அந்த வீட்டுக்காரியும் மணல் கடிகாரத்தைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. நானும் தூங்கற மாதிரியே படுத்திருந்தேன்." மர்சியா திரும்பினாள். "அதான் உன்கிட்ட வந்தேன். நீ யாரோ. நீ சொன்னா யாருக்கும் வருத்தமில்ல. நானா முடிவு பண்ணிக்கக் கூடாதுன்னு இருந்தேன். யாராவது வாயால சொல்ற வரைக்கும் அவரு அங்க ஷிப்டுக்குப் போயிட்டு வந்துட்டுத்தான் இருக்காரு."

மேலே கொப்லான் ஒருமுறை ஹாரன் அடித்தான். சின்னதாக, மன்னிப்புக் கேட்பதுபோல. மணி நாலரை.

"ஏழு மணிக்கு ஒரு விமானம் இருக்குக்கா" என்றாள் உல்மெகென். "இடம் கிடைக்குமான்னு தெரியல. காத்து விடுமான்னும் தெரியல. ஐமன் பையைக் கட்டிட்டிருக்கா. இப்பவே கிளம்பினா நாளைக்கு மத்தியானத்துக்குள்ள உங்க ஊர்ல இருக்கலாம்."

"எதுக்கு?"

"அக்கா..."

"எதுக்குன்னு சொல்லிடு. அப்புறம் எழுந்திருக்கிறேன்."

மர்சியா பாறையிலிருந்த போனை எடுத்தாள். திரை கறுப்பாகவே இருந்தது. ஆறு மணிக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. இருந்தும் கையை நீட்டி, அந்தச் செத்த போனைத் தண்ணீருக்கு மேலே பிடித்தாள். அலை வந்தது, போனது. உல்மெகென் எண்ணினாள். ஐந்து அலை. ஆறு. ஏழாவது வந்தபோது அவள் மர்சியாவின் கையை மணிக்கட்டோடு பற்றிக்கொண்டாள்.

"உங்க வீட்டுக்காரர் ஜுமாத்தாய் நேத்து விடியக்காலை செத்துப்போயிட்டாருக்கா."